ஆள் இல்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட்டும் அதன் கடவுச்சொல்லும்: சிஸ்டம்டி-கிரெட்ஸுடன் இரண்டு வருடம்

எங்கள் சின்ன அலுவலகத்தின் சர்வரில் தினமும் இரவு 2 மணிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஓடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகல் எடுத்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் மூலம் வெளியூர் சர்வருக்கு அனுப்பும். டேட்டாபேஸுக்கு ஒன்று, ரெஸ்டிக்குக்கு ஒன்று என இரண்டு கடவுச்சொற்கள் அதற்கு வேண்டும்.

முதலில் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் என்னோடு வேலை செய்யும் தம்பி கேட்டான் என்று ஸ்கிரிப்ட்டை அப்படியே சாட்டில் அனுப்பிவிட்டேன். "அண்ணா, உள்ள பாஸ்வேர்ட் இருக்கு" என்று பதில் வந்தது. அன்றைக்கே இரண்டையும் மாற்றினேன்.

அடுத்து, ஜிபிஜி என்ற என்கிரிப்ட் கருவியை வைத்துக் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் 'பாஸ்' என்ற நிரல். என் சொந்தக் கணக்குகளுக்கு இன்றும் அதுதான், அருமையானது. ஆனால் பின்னணியில் ஓடும் ஜிபிஜி ஏஜென்ட் இயல்பாக 10 நிமிடம், அதிகம் போனால் 2 மணி நேரம்தான் சாவியின் ரகசியச் சொல்லை நினைவில் வைத்திருக்கும். நான் உட்கார்ந்து சோதித்த பகலில் எல்லாம் ஓடியது; இரவில் கேட்க ஆள் இல்லாமல் நின்றுவிட்டது. மூன்று இரவு பேக்கப் இல்லை என்பது நான்காம் நாள் காலையில்தான் தெரிந்தது. ரகசியச் சொல்லே இல்லாத சாவி செய்யலாம்தான். ஆனால் அது வெறும் கோப்பாகக் கிடக்கும், எடுத்தவர் திறக்கலாம்.

சரி, ஸ்கிரிப்ட் தானே பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் சாவி அதே மெஷினில் எங்கோ இருந்துதான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. சர்வரை டெபியன் 12 லினக்ஸுக்கு மாற்றியதும் சிஸ்டம்டி-கிரெட்ஸுக்குப் போனேன். லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியோடு வரும், கடவுச்சொற்களை என்கிரிப்ட் செய்து வைக்கும் கருவி இது. (சிஸ்டம்டி 250 முதல்தான் இது உண்டு. உபுண்டு 22.04-இல் இருப்பது 249. அது ஓடும் இன்னொரு மெஷினில் இன்னும் 0600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம்) பிஜிபாஸ் என்ற போஸ்ட்கிரெஸ் கடவுச்சொல் கோப்புதான்.)

கடவுச்சொல்லை ஒருமுறை என்கிரிப்ட் செய்து, ஸ்கிரிப்ட்டை ஓட்டும் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சர்வீஸ் தொடங்கும்போது சிஸ்டம்டி கடவுச்சொல்லைத் திறந்து, அந்த சர்வீஸுக்கு மட்டும் நினைவகத்தில் ஒரு டைரக்டரியில் வைக்கும், முடிந்ததும் போய்விடும். ஸ்கிரிப்ட்டை நேரத்துக்கு ஓட்டிய க்ரானை விட்டு சிஸ்டம்டியின் டைமருக்கு மாற வேண்டியிருந்தது, அதில் வருத்தமில்லை. எங்கள் சர்வரில் டிபிஎம் சிப் (மதர்போர்டில் சாவியைக் காக்கும் சிப்) இருப்பதால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் எதுவும் திறக்காது. டிபிஎம் இல்லாத மெஷினில் சாவி அதே டிஸ்க்கில் ஒரு கோப்பாக இருக்கும், அங்கே இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். ரூட் அனுமதி (மெஷினின் முழு அதிகாரம்) கிடைத்தவரை எப்படியும் தடுக்க முடியாது.

தொல்லைகளும் உண்டு. என்கிரிப்ட் செய்யும்போது கொடுத்த பெயர் உள்ளேயே பதிந்துவிடும். கோப்பின் பெயரைப் பிறகு மாற்றியதும் திறக்கவில்லை, காரணத்தை அரை நாள் தேடினேன். ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் கடவுச்சொல் கிடைக்காது, சர்வீஸாகத்தான் தொடங்க வேண்டும்.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: ரெஸ்டிக் கடவுச்சொல்லை வெளியேயும் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது. நான் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். போன வருடம் மதர்போர்டு போய்ப் புதிது போட்டபோது டிபிஎம்மும் மாறியது, என்கிரிப்ட் செய்த இரண்டு கடவுச்சொல் கோப்புகளும் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் உறையை எடுத்து வந்துதான் ரெஸ்டிக்கைத் திரும்ப ஓடவைத்தேன். டேட்டாபேஸ் கடவுச்சொல்லைப் புதிதாகவே மாற்றிவிட்டேன்.