நிணநீர் வீக்கத்துக்கு ஷார்ட் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜ்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

யானைக்காலோ, புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வந்த வீக்கமோ, மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கிரேப் பேண்டேஜைத்தான் எடுத்துத் தருகிறார்கள். சுளுக்குக்கு அது சரி. நிணநீர் வீக்கத்துக்கு வேண்டியது குறைவாகவே இழுபடும் ஷார்ட் ஸ்ட்ரெட்ச். விலை பல மடங்கு, ஆனாலும் தகும்.

கிரேப் போல நன்றாக இழுபடும் எலாஸ்டிக் துணி படுத்திருக்கும்போதும் இறுக்கும். நடக்கும்போது தசையோடு சேர்ந்து விரிந்துகொடுத்துவிடும். ஷார்ட் ஸ்ட்ரெட்ச் அவ்வளவு விரியாது. கெண்டைக்கால் தசை புடைக்கும்போது எதிர்த்து நின்று நிணநீரை மேலே தள்ளும், ஓய்வில் பிடி தளரும். அதனால் மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் நாளெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள் மணிக்கொருதரம் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்தபடியே குதிங்காலைத் தூக்கி இறக்கினாலும் நல்லது.

வாங்கும்போதே 10 செ.மீ. துணியை அளந்து முழுக்க இழுத்துப் பாருங்கள். 20 செ.மீ.யைத் தாண்டினால் அது ஷார்ட் ஸ்ட்ரெட்ச் இல்லை. முழங்கால்வரை கட்ட 8 செ.மீ. அகலத்தில் ஒன்று, 10 செ.மீ.யில் இரண்டு, ஒவ்வொன்றும் 5 மீட்டர். அடியில் சுற்றப் பஞ்சுச் சுருள் தனியாக.

காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பஞ்சு சுற்றுங்கள். பாதத்தைச் செங்கோணத்தில் நிமிர்த்தி, விரல் அடியில் தொடங்கி, குதிங்காலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மறைக்கும்படி ஏற்றுங்கள். கணுக்காலில் இறுக்கம் கூடுதல், மேலே போகப்போகக் குறைவு. இது தலைகீழானால் பாதம் வீங்கும். அதிகம் நடக்கிற தப்பு இதுதான். கட்டியபின் கால் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடியில் நிறம் திரும்பாவிட்டாலோ, மரத்தாலோ, வலித்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள்.

கூடவே வரும் இரும்புக் கொக்கியைத் தூரப் போடுங்கள். அது கீறும் சின்னக் காயம் போதும், கிருமி புகுந்து காய்ச்சலும் செம்மையும் வர. கட்டின் நுனியில் பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

வீக்கம் வற்றும்போது கட்டு நழுவும். அது துணியின் குறையில்லை, திரும்பக் கட்ட வேண்டும். துவைத்தால் இழுவை திரும்பும், ஆனால் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் விரித்துப் போடுங்கள். சாரல் காலத்தில் அம்பை, தென்காசிப் பக்கம் சட்டென்று காயாது, இரண்டு செட் இல்லாமல் முடியாது.

இதயம் பலவீனமானவர்கள், கால் ரத்தக்குழாய் அடைப்புள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள் டாக்டர் சோதித்துச் சரி என்ற பிறகே கட்டலாம். கால் சிவந்து காய்ச்சல் அடிக்கும்போது டாக்டரைக் கேட்காமல் யாரும் கட்டக் கூடாது.