டிரிபிள்-ஏவில் இன்னும் ஒரு மாதமா, இன்றைக்கே மேலேயா? இளம் பிட்சரை ஏற்றிவிடும் கணக்கு

2024 ஏப்ரலில் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பந்து வீசும் பிட்சரான பால் ஸ்கீன்ஸை எதற்கு இன்னும் கீழ் அணியான இண்டியானாபோலிஸில் உட்கார வைத்திருக்கிறார்கள்? முந்தைய ஆண்டு டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்கே 92 லட்சம் டாலர் வாங்கியவர். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏவில் அந்த சீசனில் ஏழு ஆட்டங்கள் வீசி 45 பேரை ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், செய்தார் (பேட்டர் அடிக்கத் தவறிய பந்தோ, இலக்குக் கட்டத்துக்குள் வந்தும் விட்ட பந்தோ ஒரு ஸ்ட்ரைக்). வாக் (நான்கு பந்தை இலக்குக்கு வெளியே போட்டு, பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ் தருவது) கொடுத்தது 8 பேருக்கு மட்டும். பிட்சர் விட்டுக்கொடுத்த ரன்களைச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. 0.99, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு இன்னிங்ஸ் என்பது மூன்று அவுட்) முழுசாக ஒரு ரன்கூட இல்லை.

இந்த எண்களைப் பார்த்தால் ரசிகர்கள் கேட்டது நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் அந்த ஏழு ஆட்டங்களில் அவர் வீசியது மொத்தம் 27 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸ்கூட வரவில்லை. கல்லூரியில் வாரம் ஒரு முறை வீசிப் பழகிய கை அது. மேலே ஐந்து, ஆறு நாளுக்கு ஒரு முறை வீச வேண்டும், அதுவும் செப்டம்பர் கடைசி வரை. பந்து ஏப்ரலிலேயே தயாராக இருந்தது, சுமை தாங்கும் பழக்கம் வந்திருக்கவில்லை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காததால்தான் 'தயாரா, இல்லையா' என்ற சண்டை ஒவ்வொரு வருஷமும் வருகிறது.

மே 11 அன்று ஸ்கீன்ஸ் மேலே வந்தார். முதல் ஆட்டம் சுமார்தான், மூன்று ரன் அவர் கணக்கில் ஏறியது. அடுத்த ஆட்டத்தில் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் ஆறு இன்னிங்ஸ், ஒரு ஹிட் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது) இல்லை, 11 ஸ்ட்ரைக்அவுட். சீசன் முடிவில் ஈ.ஆர்.ஏ. 1.96, நேஷனல் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருது. அடுத்த ஆண்டே சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் டேவிட் கிளைட். 1973இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஹூஸ்டன் பள்ளிக்கூடத்திலிருந்து முதல் ஆளாக எடுத்த 18 வயதுப் பையன். அணி முதலாளி பாப் ஷார்ட்டுக்கு மைதானம் கூட்டத்தால் நிறைய வேண்டும். பள்ளியில் கடைசி ஆட்டம் ஆடி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 27 அன்று மேஜர் லீகில் இறக்கிவிட்டார்கள். பள்ளி கிரிக்கெட்டிலிருந்து நேரே டெஸ்ட் மேட்ச் மாதிரி. 35,000 பேருக்கு மேல் வந்தார்கள், கிளைட் ஜெயிக்கவும் செய்தார்: ஐந்து இன்னிங்ஸில் எட்டு ஸ்ட்ரைக்அவுட், ஒரே ஒரு ஹிட். அதே ஐந்து இன்னிங்ஸில் ஏழு வாக். மறுநாள் பேச்சு முழுக்க வெற்றியைப் பற்றித்தான் இருந்திருக்கும், பார்க்க வேண்டியதோ அந்த ஏழு. இரண்டு ஆட்டம் முடிந்ததும் மைனர் லீகுக்கு அனுப்புவதாக இருந்த பையனைக் கூட்டம் வருகிறதே என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மேஜர் லீகில் அவர் கணக்கு 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979இல் முடிந்தது.

கிளைட் கதையைச் சொல்லி 'பொறுமையாக ஏற்றுவதே பாதுகாப்பு' என்று முடித்துவிடலாம். ஆனால் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் குறுக்கே வருகிறார். 2010இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை ஹாரிஸ்பர்க், சிரக்யூஸ் என்று இரண்டு படிகளில் 11 ஆட்டங்கள் வீச வைத்து, இன்னிங்ஸை எண்ணி எண்ணித்தான் மேலே கொண்டுவந்தது. ஜூன் 8, முதல் ஆட்டம்: 14 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக்கும் இல்லை. ஆகஸ்டில் முழங்கை போனது, செப்டம்பரில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. கீழும் மேலும் சேர்த்து அந்த ஆண்டு அவர் வீசியதே 123 இன்னிங்ஸ்தான். மெதுவாக ஏற்றினால் முழங்கை தப்பும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. டிரிபிள்-ஏவில் வீசினாலும் அதே கை, அதே வேகம். ஒருவரைக் கீழே நிறுத்தி வைப்பதற்குக் காரணம் அவர் கற்றுக்கொள்ள அங்கே இன்னும் ஏதோ இருக்கிறது என்பதாக இருக்க வேண்டும். கையைக் காப்பாற்றுகிறோம் என்பது மட்டும் போதாது.

சரி, கீழே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கவுன்ட் 2-0 (இலக்குக்கு வெளியே போன பந்து இரண்டு, ஸ்ட்ரைக் எதுவும் இல்லை), பேட்டருக்குச் சாதகம். பையன் 98 மைல் ஃபாஸ்ட்பாலை இலக்குக் கட்டத்தின் நடுவில் போடுகிறான். டிரிபிள்-ஏ பேட்டர் சற்றுத் தாமதமாகச் சுற்ற, பந்து பின்னால் ஃபவுலாகப் போகிறது. ஸ்கோர்கார்டில் அது ஒரு ஸ்ட்ரைக். மேலே அதே பந்தை அதே இடத்தில் போட்டால் சுவருக்கு அப்பால் போய் விழும். கீழே வேகத்தை மட்டுமே நம்பி ஜெயிக்கலாம் என்பதால்தான் அங்கே வரும் ஈ.ஆர்.ஏ.வை நான் கடைசியாகப் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது வாக். அப்புறம், பின்தங்கிய கவுன்ட்டில் வளைந்து போகும் ஸ்லைடரையோ வேகம் குறைந்த சேஞ்சப்பையோ ஸ்ட்ரைக்காகப் போடத் துணிகிறானா என்பது. அதற்கும் அடுத்து, அதே பேட்டர் மூன்றாம் முறை எதிரே வரும்போது காட்ட அவனிடம் புதிதாக ஏதாவது இருக்கிறதா. ஸ்கீன்ஸிடம் இருந்தது. 100 மைல் ஃபாஸ்ட்பாலோடு, ஸ்பிளிட்டர், சிங்கர் என்ற இரண்டு தாழ்ந்து விழும் பந்துகளும் கலந்த 'ஸ்பிளிங்கர்' என்ற ஒரு பந்தை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஈ.ஆர்.ஏ.வை நம்பாததற்கு ஊரும் ஒரு காரணம். அல்புகர்கி, ரெனோ போன்ற உயரமான ஊர்களில் காற்று மெலிது: பந்து கூடுதலாகப் பறக்கும், வளைபந்தான கர்வ் குறைவாக வளையும். அங்கே 5.00 வைத்திருப்பவன் வேறு ஊரில் 3.50 வைத்திருப்பவனைவிட நல்ல பிட்சராக இருக்கக்கூடும்.

ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசும் முழு ஸ்டார்ட்டராகத் தயாராகாத ஒருவரை, நடுவில் வந்து கொஞ்ச நேரம் வீசும் ரிலீவராக மேலே கொண்டுவருவது இன்னொரு வழி. ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் வீசினால் போதும் என்பதால் மூன்றாவது வகைப் பந்து இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. 2008 செப்டம்பரில் டேம்பா பே, டேவிட் பிரைஸை இப்படித்தான் அழைத்தது. வழக்கமான சீசனில் ஐந்தே ஆட்டங்கள் ஆடிய அனுபவத்தோடு, ரெட் சாக்ஸுக்கு எதிரான ஏழாவது பிளேஆஃப் ஆட்டத்தில், மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள் நின்றபோது உள்ளே வந்து ஜே.டி. ட்ரூவை ஸ்ட்ரைக்அவுட் செய்து, ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். 2009 சீசன் தொடங்கியபோது அதே பிரைஸைத் திரும்ப டர்ஹமுக்கு, டிரிபிள்-ஏவுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் ஹீரோவைக் கீழே அனுப்பத் தெம்பு வேண்டும். சேஞ்சப்பைச் சரிசெய்துகொண்டு மே மாதம் ஸ்டார்ட்டராகத் திரும்பினார், 2012இல் சை யங் வாங்கினார். டிராஃப்டான ஆண்டே ஒயிட் சாக்ஸ் புல்பென்னுக்கு (ரிலீவர்கள் குழு) வந்த கிறிஸ் சேலும் 2012இல்தான் ஸ்டார்ட்டர் ஆனார்.

இதே வழியில் வழுக்கியவர் ஜோபா சேம்பர்லின். 2007இல் யாங்கீஸ் புல்பென்னில் 24 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 0.38. அப்புறம் ஸ்டார்ட்டர், மறுபடி ரிலீவர் என்று இழுபறி. 2009இல் முழு சீசன் ஸ்டார்ட்டராக வீசி 4.75 வந்ததும் புல்பென்னுக்கே அனுப்பிவிட்டார்கள். புல்பென் வழி வேலை செய்ய, எப்போது ஸ்டார்ட்டர் ஆவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அதில் நிற்க வேண்டும். டேம்பா நின்றது, நியூயார்க் ஆடிக்கொண்டே இருந்தது.

இதில் பணக்கணக்கும் ஒளிந்திருக்கிறது. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு ஆண்டு அனுபவம். ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் சந்தைக்குப் போய், எந்த அணியோடும் பேரம் பேசலாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழே வைத்தால் அணிக்கு அவர் ஏழாவது ஆண்டும் கிடைப்பார். லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அறிமுக வீரர் விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவருக்கு முழு ஆண்டும் எழுதப்படுகிறது. ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆக, சீசன் தொடக்கத்தில் 'இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்' என்று அறிக்கை வந்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள்.

அவசரப்பட்டு ஏற்றியது தெரிந்தால் கீழே இறக்குவதில் கேவலம் இல்லை என்பதற்கு ராய் ஹாலடே இருக்கிறார். 1998இல் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே, ஒரு ஹிட்கூடத் தராத நோ-ஹிட்டருக்கு ஒரு அவுட் பாக்கி என்ற இடம்வரை போனவர். 2000இல் ஈ.ஆர்.ஏ. 10.64. டொரான்டோ அவரை டிரிபிள்-ஏவுக்கு அனுப்பவில்லை, இன்னும் கீழே டனீடினுக்கு, ஏ லீகுக்கு அனுப்பியது. தலைக்கு மேலிருந்து நேராக வந்துகொண்டிருந்த பந்தை, பயிற்சியாளர் மெல் குவீன் கையின் கோணத்தைத் தாழ்த்தி நெளிய வைத்தார். 2001 ஜூலையில் திரும்பி வந்தார், 2003இல் சை யங்.

என்னைக் கேட்டால்: மூன்று வகைப் பந்தையும் ஸ்ட்ரைக்காகப் போடுபவனை, இன்னிங்ஸ் குறைவென்றாலும், ஸ்கீன்ஸ் மாதிரி ஸ்டார்ட்டராகவே ஏற்றலாம். வேகமும் ஒரு ஸ்லைடரும் மட்டும் உள்ளவனுக்குப் பிரைஸ் வழி. வாக் அதிகம் கொடுப்பவன் 100 மைல் வீசினாலும் கீழேயே இருக்கட்டும். வாக்கை எடைபோடும்போது ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: 2023இலிருந்து டிரிபிள்-ஏவில் எல்லாப் பந்துக்கும் இயந்திரமே ஸ்ட்ரைக் சொல்வதும், நடுவர் சொன்னதை எதிர்த்து வீரர்கள் இயந்திரத்திடம் சேலஞ்ச் கேட்பதும் மாறி மாறி நடந்தன, 2024 நடுவிலிருந்து சேலஞ்ச் மட்டும். அந்த இடைக்கால வாக் எண்களை மேஜர் லீகோடு அப்படியே ஒப்பிட முடியாது.