அரசுப் பள்ளிக் கலைத் திருவிழா: கிருஷ்ணகிரிப் பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

தமிழக அரசு 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவை, மகளை அரசுப் பள்ளியில் படிக்க வைத்திருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெற்றோர் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் இப்போட்டிகளில் இசை, நடனம், நாடகம், ஓவியம், கருவியிசை என்று பல பிரிவுகள் உண்டு. மாநில அளவில் சிறந்து விளங்குவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள் வழங்கப்படுகின்றன. இதற்கு ஒதுக்கப்படும் பணம் வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

காரணம், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கலை தெரியாதவர்கள் அல்லர். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். போட்டி நடந்த பள்ளியின் வகுப்பறை ஒன்றில், முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தன் தோழனுக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பார்த்தேன். புருவக் கோட்டை இழுக்கும்போது அவன் கை சற்றும் நடுங்கவில்லை. அடவும் பாட்டும் அவனுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கலாம். ஆனால் அதற்குப் பள்ளி மேடையும் சான்றிதழும் கிடைத்தது இத்திட்டத்தால்தான். வெளியே மைதானத்து ஓரத்தில் காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிய மாணவர்களுக்கு அருகில் தலைமையாசிரியரே நின்றிருந்ததைக் கண்டு மனம் நிறைந்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. போட்டிக்கு முன் சில நாட்கள் மட்டும் பயிற்சி தந்து, மற்ற மாதங்களில் ஓவியத்துக்கோ இசைக்கோ ஒரு பாடவேளைகூட இல்லாமல் விட்டால், நகரத்தில் கட்டணம் கட்டிப் பரதம் கற்க முடிந்த பிள்ளைதான் அடுத்த படிக்குப் போகும். மற்றவர்கள் கைப்பேசியில் காணொளி பார்த்துப் பழக வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் நடன உடைக்கான வாடகையை வகுப்பாசிரியரே தம் கையிலிருந்து கொடுத்தார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அதன்படி 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் பாடங்களுக்காகத் தமிழகத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தாலும், ஒரு பள்ளியின் கலைக்கல்வி முழுவதையும் பணி நிரந்தரம் இல்லாத ஒருவரின் மூன்று அரைநாளில் அடக்கிவிட முடியாது. அந்த ஊதியமும் ஒன்றிய, மாநில அரசுகள் 60:40 விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தைச் சார்ந்தது. 2024-25இல் ஒன்றியத்தின் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் வாராந்தரக் கலை வகுப்பு பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பர்கூர் அருகே மல்லப்பாடியில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் நகரிலேயே இருக்கிறது. ஓவிய ஆசிரியர் ஒருவரும் பேருந்துக் கட்டணமும் இருந்தால், வெள்ளைக் கோடுகளால் மனிதனையும் குதிரையையும் அன்றைக்கு எப்படித் தீட்டினார்கள் என்று பிள்ளைகள் நேரில் நின்று பார்த்து வரையலாம். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ் வழி வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு, மொழித் தயக்கமில்லாமல் முதல் நாளிலேயே கலந்துகொள்ள முடிகிற பாடம் ஓவியமும் பாட்டும்தான். என் மகளின் வகுப்பில் வாய் திறக்காதிருந்த ஒரு சிறுமி, அட்டையில் மாந்தோப்பு வரைந்த பிறகுதான் மற்றவர்களோடு பேசத் தொடங்கினாள்.

விழாவுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஆண்டு முழுவதுக்குமான கலைக்கல்விக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்கு உரியது. கலைப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறதா, அது கணக்குப் பாடத்துக்கு மாற்றப்படுகிறதா, வண்ணமும் தாளும் வாங்கப் பள்ளி மானியத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்குமாறு மற்றப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.