பட்டா மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன்

அப்பா காலமான பிறகு, அவர் பெயரிலிருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்கு வாரிசுகள் நால்வர் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்கப் போய், 8,000 ரூபாயையும் ஒரு சம்பா பருவத்துப் பயிர்க்கடனையும் இழந்தேன். எங்களுடையது டெல்டா மாவட்டத்துச் சிற்றூர். கிராம நிர்வாக அலுவலர் வராத நாளிலும் அலுவலகம் திறந்திருக்கும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் எழுதிக்கொண்டிருப்பார். அவர் அரசு ஊழியர் அல்லர். ஆனால் முத்திரை அவர் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால், ஊரே அவரைச் 'சின்ன வி.ஏ.ஓ.' என்றுதான் சொல்கிறது.

இ-சேவை மையத்தில் போய் நிற்க வேண்டாம், பெரியவரைக் கவனித்துத் தானே முடித்துத் தருவதாக அவர் சொன்னார். அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு, இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் நகலெடுத்துப் பணத்தோடு கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எதற்கென்று எழுதியிருப்பார்? மூன்றே வாரத்தில் பட்டா நகல் வந்தது. சர்வே எண், பரப்பு, தீர்வை, க்யூஆர் கோடு எல்லாம் சரியாக இருந்தன. போதாததற்குப் பச்சை மையில் ஒரு கையெழுத்தும் இருந்தது. மின்பதிவேட்டிலிருந்து எடுத்த நகலுக்கு அந்தக் கையெழுத்து எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. குறிப்பு எண்ணை இணையதளத்தில் இட்டு உறுதி செய்துகொள்ளும்படி அடியில் அச்சாகியிருந்த வரியையும் நான் படிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது திரையில் அப்பா பெயர்தான் வந்தது. பழைய நகலிலேயே பெயர்களை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பெயர் வரிகள் மட்டும் சற்றுத் தடித்திருந்தன. அப்பாவின் வரியில் இருந்த 'மகன்' என்ற சொல் அம்மாவின் வரியிலும் அப்படியே நின்றது. அந்தத் தாளின்படி அம்மா எங்கள் தாத்தாவுக்கு மகன்.

பட்டா மாறுதலுக்கு ஆணையிடும் அதிகாரம் கிராம நிர்வாக அலுவலருக்கே கிடையாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் விசாரித்துப் பரிந்துரைக்கலாம். உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைப் பிரிக்காமல் பெயர் மட்டும் மாறும் மாறுதலுக்கு ஆணை பிறப்பிப்பவர் வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள மண்டலத் துணை வட்டாட்சியர். இ-சேவை மையத்தில் இதற்கான கட்டணம் 60 ரூபாய்தான். அங்கே தரும் விண்ணப்ப எண்ணைக் கொண்டு, மனு யாரிடம் நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எண்ணைக் காட்டாமல் 'உள்ளே போயிருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், எதுவும் உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் தெரிவித்தால்தான் விலக்கு உண்டு. பெரியவருக்கென்று சொல்லித்தானே என்னிடம் வாங்கினார்? நான்கு மாதம் கடந்த நிலையில், வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, போலி ஆவணம் தயாரித்த மோசடி என்று காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது பெற்றிருக்கிறேன். அந்த ஆளுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்கிறார் கிராம நிர்வாக அலுவலர்.

60 ரூபாய் கட்டி நானே போட்ட விண்ணப்பம் இப்போது துணை வட்டாட்சியர் பார்வையில் இருக்கிறது. போன வாரம் அடங்கல் வாங்கப் போனேன். எழுதிக் கொடுத்தவர் அதே ஆள்தான்.