உட்கார்ந்துபோகும் எஸ்-கிளாஸ்: புது ஸ்ட்ரட்டா, ரீபில்டா, காயில் ஸ்பிரிங்கா?

பத்து வருடம் தாண்டிய பென்ஸ் எஸ்-கிளாஸ், புதிதாக வாங்கும் ஒரு சாதாரண செடான் விலைக்கே கைக்கு வந்துவிடுகிறது. அதன் ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) மட்டும் பழைய விலையை மறப்பதில்லை. என்னிடம் இருப்பது டபிள்யூ221, அதாவது 2005 முதல் 2013 வரை வந்த தலைமுறை. முன்பக்க வலது மூலை காலையில் இறங்கி நிற்க ஆரம்பித்தபோது நான்கு வழிகள் இருந்தன. கம்பெனி ஷோரூமில் புது ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) போடலாம், வெளித் தயாரிப்பில் புது ஸ்ட்ரட் போடலாம், பழையதையே ரீபில்ட் செய்யலாம், காற்றே வேண்டாம் என்று காயில் ஸ்பிரிங்குக்கு மாறலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. வண்டி உட்கார்ந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் சொல்லும் முதல் வார்த்தை "கம்ப்ரஸர் போச்சு சார்". பெரும்பாலும் கம்ப்ரஸர், அதாவது ஸ்ட்ரட்டுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பம்ப், சாவதே வேறெங்கோ காற்று கசிவதால்தான். கசிவை அப்படியே விட்டுப் புது கம்ப்ரஸர் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளக்க வேண்டும். கதவைத் திறந்தாலே கண்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு மட்டத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். எப்போதும் ஒரே மூலை இறங்கினால் அந்த ஸ்ட்ரட், அதன் பைப், அல்லது மேலே பைப் நுழையும் இணைப்பு. இறங்கும் மூலை மாறிக்கொண்டே இருந்தால், நான்கு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வ் பிளாக்கைச் சந்தேகிக்கலாம். நான்கும் இறங்கி, ஸ்டார்ட் செய்தும் எழவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்), கம்ப்ரஸர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கசிவே இல்லாமல் ஒரு மூலை கோணலாக நின்றால் லெவல் சென்சரின் சின்னக் கம்பி உடைந்திருக்கலாம். அது மலிவான வேலை. கடைசியாக, சந்தேகமுள்ள இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் மடிப்பின் விரிசல், வண்டி உயர்ந்து நிற்கும்போதுதான் தெரியும். ஆனால் காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. ஏபிசி என்ற அமைப்பு உள்ள எஸ்-கிளாஸ்களும் உண்டு. அது ஹைட்ராலிக் எண்ணெயில் இயங்குவது. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

சரி, வழிகளுக்கு வருவோம். ஷோரூம் ஸ்ட்ரட்டைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. பொருள் நன்றாக இருக்கும், விலை கேட்டால் வண்டியின் மதிப்பே கண்முன் சுருங்கும். வாரன்டியில் இருக்கும் வண்டிக்குச் சரி.

ரீபில்ட்தான் ஆசை காட்டும் வழி. பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றி, விரிசல் விட்ட ரப்பர் பெல்லோஸை (காற்றுப் பையை) எடுத்துவிட்டு, புதியதை மாட்டி, உலோக வளையத்தை அழுத்திப் பூட்டித் தருவார்கள். நான்கில் மிகவும் மலிவானது இதுதான். எனக்குப் பிடிக்காதது இரண்டு விஷயம். உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருக்கிறது. ரப்பர் பத்து வருடம் உழைத்திருந்தால் ஷாக்கும் பத்து வருடம் உழைத்ததுதான். அதைவிட முக்கியம் அந்த வளையம். டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம், ஸ்ட்ரட்டுக்குள் அதைப்போல் பல மடங்கு. வளையத்தின் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இல்லையென்றால் மெல்லிய கசிவு தொடரும். சரியான கருவி வைத்து நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வெளியிலிருந்து பார்த்து யார் அப்படி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மெல்லிய கசிவுதானே என்று தோன்றும். என் முடிவு முழுக்க அந்த இடத்தில்தான் நின்றது. கம்ப்ரஸரோடு ஒரு டிரையர் இருக்கிறது; வெளிக்காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குப்பி. வண்டி மேலே எழும்போது காற்று டிரையர் வழியாக உள்ளே போகிறது, ஈரம் மணிகளில் தங்குகிறது. வண்டியைக் கீழே இறக்கும்போது அதே உலர்ந்த காற்று டிரையர் வழியாகவே திரும்பி வெளியேறி, மணிகளில் தங்கிய ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. டிரையர் தன்னைத்தானே உலர்த்திக்கொள்வது இப்படித்தான். ஸ்ட்ரட்டில் ஓட்டை இருந்தால் காற்று இந்த வழியில் திரும்புவதே இல்லை. புது ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், மணிகள் உலர வாய்ப்பே கிடைக்காது. சென்னை போன்ற கடற்கரை ஊரில் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். டிரையர் நிறைந்ததும் ஈரம் வால்வ் பிளாக்குக்குப் போகும், வால்வுகள் ஒட்டத் தொடங்கும். இன்னொரு பக்கம், விட்டுவிட்டுச் சிறிது நேரம் ஓட வேண்டிய கம்ப்ரஸர் அடிக்கடி ஓடிச் சூடாகும், அதன் பிஸ்டன் ரிங் தேயும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்தே போகும்.

ஆக ஸ்ட்ரட்டில் மிச்சம் பிடிக்கும் பணம், கசிவு திரும்பினால் கம்ப்ரஸரிலும் வால்வ் பிளாக்கிலும் போய்விடும். எந்த ஸ்ட்ரட் நீண்ட நாள் காற்றைப் பிடித்துவைக்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆர்னாட் போன்ற அனுபவமுள்ள தயாரிப்பாளரின் புது ஸ்ட்ரட் எனக்கு நியாயமாகப் பட்டது. ஷாக், ரப்பர், வளையம் எல்லாம் புதிது. எனக்குச் சொல்லப்பட்ட விலை ஷோரூம் விலையில் பாதிகூட இல்லை. முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன், கூடவே ரிலேயும். ஃபோர்மேட்டிக் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் முன் ஸ்ட்ரட் வேறு, எனவே பார்ட் நம்பரைச் சரிபார்க்காமல் ஆர்டர் போட வேண்டாம். மாட்டும்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். காற்று ஏறாத ஸ்ட்ரட்டின் மேல் வண்டியின் பாரத்தை இறக்கினால் ரப்பர் தவறாக மடிந்து அன்றைக்கே கெட்டுவிடும். ஸ்கேனர் (கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாகக் காற்று நிரப்பிய பிறகே ஜாக்கை இறக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டத்தில் புது ஸ்ட்ரட், கம்பெனி ஸ்ட்ரட்டை விட ஒரு இழை இறுக்கம். பின்சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, ஸ்டியரிங் பிடிக்கும் எனக்குத் தெரிகிறது. எத்தனை வருடம் உழைக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் ஓட்டவில்லை.

காயில் ஸ்பிரிங் மாற்றத்தை மட்டமாகப் பேச மாட்டேன். அமெரிக்காவில் ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கிட் விற்கின்றன. எச்சரிக்கை விளக்கை அணைக்கும் மாட்யூலும் அதில் வரும். இது புதுப் பழக்கமும் அல்ல. 1957இல் ஏர் சஸ்பென்ஷனோடு வந்த காடிலாக் எல்டொராடோ புரோமையே, கசிவு தாங்காமல் பலர் காயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். பராமரிப்பை மட்டும் பார்த்தால் காயில்தான் ஜெயிக்கும், கசிய எதுவுமே இல்லையே. நண்பர் ஒருவரின் மாற்றிய வண்டியில் போயிருக்கிறேன், நல்ல ரோட்டில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் பின்னால் மூன்று பேரும் டிக்கி நிறைய பெட்டியும் ஏறினால் வண்டி பின்பக்கம் தாழ்ந்தே போகும். உயரமான ஸ்பீடு பிரேக்கர் வந்தால் பட்டனை அழுத்தி வண்டியைத் தூக்க முடியாது. விற்கும்போது எஸ்-கிளாஸ் தெரிந்தவர் முதலில் தேடுவதே அந்தப் பட்டனைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு நிலையில் நானும் காயிலையே சொல்வேன். ஸ்ட்ரட்கள், கம்ப்ரஸர், வால்வ் பிளாக் மூன்றும் ஏற்கெனவே போய்விட்ட வண்டியை மலிவாக வாங்கி, விற்கும் எண்ணமில்லாமல் ஓட்டித் தீர்க்கப் போகிறீர்கள் என்றால் காற்றின் பின்னால் ஓட வேண்டியதில்லை. மற்றபடி, கழற்றிய பழைய ஸ்ட்ரட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். ரீபில்ட் செய்கிறவர்கள் அதற்குக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள்.