பல்லுக்குக் கிளிப்: எல்லாம் நல்லம், அந்த வயர் நுனியைத் தவிர

மகளுக்குக் கிளிப் கழற்றி ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் போன கிழமை புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் பஸ் ஏற வேண்டி வந்தது. கழற்றின பிறகு பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க, கீழ் முன்பல்லுகளுக்கு உட்பக்கம் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பியை ஒட்டி விடுவார்கள். அது ஒரு ஓரத்தில் பசை விட்டு, நுனி நாக்கை அராவிக்கொண்டிருந்தது. டொக்டருக்கு அது கால் மணித்தியால வேலைகூட இல்லை. எங்களுக்குப் பரந்தன் சந்தியும் வெயிலுமாக ஒரு முழுப் பகல். வீட்டுக்கு வந்து முகம் கழுவ முதல் நெடுங்கேணியிலிருந்து மச்சாளின் போன்: “தம்பிக்கும் கிளிப் போடச் சொல்லுகினம். உங்கட அனுபவம் எப்பிடி? போடலாமோ?”

கேட்ட நேரம் சரியில்லை, மச்சாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

கிளிப் என்றால் என்ன, எவ்வளவு காலம் எடுக்கும் என்பதெல்லாம் கிளினிக்கிலேயே சொல்லுவார்கள். அவர்கள் வாயே திறக்காத சங்கதி வயர் நுனிதான்.

பல் ஒவ்வொன்றிலும் ஒட்டுகிற சின்னப் பூட்டுக்குப் பிறக்கெற் என்று பேர். அதுகளுக்குள்ளால் முதலில் போடுகிற வயர் நிக்கலும் டைட்டேனியமும் கலந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்தப் பிடிவாதம்தான் பல்லை இழுக்கிறது. கோணல் மாணலாக நிற்கிற பல்லுகள் வரிசைக்கு வர வர, வளைந்து வளைந்து போன வயர் நேராகும், மிஞ்சின நீளம் பின்பக்கத்தால் வெளியே வரும். கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், சொக்கைக்கு நேரே. மகளுக்கு அந்த இடத்தில் புண் ஆறுவதும் திரும்பக் கிளம்புவதுமாகவே முதல் மாதங்கள் போயின. டொக்டரிடம் காட்டினால் சிரிக்கிறார்: “நல்லது அம்மா, பல் அசையுது எண்டு அர்த்தம்.” அவர் சொன்னது உண்மைதான். உண்மை என்பதற்காகப் பிள்ளை இரவில் நித்திரை கொள்ளுமா?

நாங்கள் தொடங்கினது 2022 இல். அந்த வருசம் நடுப்பகுதியில் பெற்றோல் வரிசை எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸும் ஒழுங்கில்லை. அந்த நேரம் பார்த்து வயர் வெளியே வந்தது. கிளினிக்குக்குப் போன் எடுத்தால், “திகதிக்கு வாங்கோ, அதுவரைக்கும் மெழுகை வையுங்கோ.” மெழுகு நல்ல சாமான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கட வெயிலுக்கு அது பள்ளிக்கூடப் பையுக்குள்ளேயே இளகி, கொப்பியில் ஒட்டிப்போய் வரும். பெட்டியைத் தண்ணீர்ப் பானையடியில் வைத்துப் பாவித்தோம். முடிந்த பிறகு இங்கே எந்தப் பார்மசியிலும் கிடைக்கவில்லை.

கடைசியில் பக்கத்து அரசாங்க ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பல் டொக்டருக்கு இது சம்பந்தமில்லாத கேஸ். வயரை வெட்டின துண்டு தொண்டைக்குள் விழாமல் கவ்விப் பிடிக்கிற கட்டர் ஒன்று இருக்கிறதாம், அது தன்னிடம் இல்லை என்றார். குறட்டால் உள்ளே மடக்கிப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டது. அந்த வயரைச் சூடாக்கினால்தான் மடங்கி நிற்குமாம். பிறகு கொஞ்சம் யோசித்து, பல் அடைக்கிற வெள்ளைப் பசையில் ஒரு சொட்டு எடுத்து நுனியில் வைத்து லைற் அடித்து இறுக்கி விட்டார். சின்ன வெள்ளை மணி மாதிரி இருந்தது. அடுத்த திகதிவரை ஒரு கரைச்சலும் இல்லை. அவ்வளவு காசு வாங்கின இடத்தில் தராத ஆறுதல் இது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லத்தான் வேண்டும். பல் வடிவாக வந்திருக்கிறது. மேலே ஏறி நின்ற வேட்டைப்பல் இரண்டும் இறங்கி இடத்துக்கு வந்துவிட்டன. முன்பல்லால் மாங்காய் கடிக்கிறாள், வாய் மூடிச் சிரித்த பிள்ளை இப்போது திறந்து சிரிக்கிறாள். வேலையில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. கழற்றின அன்று பல்லில் வெள்ளைத் தழும்பும் இருக்கவில்லை. சரியாகத் துலக்காத பிள்ளைகளுக்குப் பிறக்கெற்றைச் சுற்றி அப்படி விழுமாம். இடுக்குக்குள் விடுகிற சின்ன பிரஷ்ஷை ஒவ்வொரு தடவையும் கையில் பிடித்துக் காட்டித் தந்தவர்கள் அந்தக் கிளினிக்காரர்தான். வயரைப் பிறக்கெற்றில் பிடித்து வைக்கிற குட்டி ரப்பரின் நிறத்தை அவளையே தெரிவு செய்யவும் விட்டார்கள். விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தன் இல்லத்து நிறத்தில் போட்டுக்கொண்டு போய்ப் பெருமை காட்டினாள். நிறமில்லாத ரப்பரை மட்டும் கேட்க வேண்டாம், எங்கட கறி மஞ்சளுக்கு உடனேயே பழுப்பாகிவிடும்.

சாப்பாட்டில் கச்சானும் புழுக்கொடியலும் கூடாது என்பது சொல்லாமலே தெரியும். பனங்கிழங்கின் தும்பு வயரில் சுற்றினால் எடுக்கிறது பெரிய மினக்கேடு. பாலைப்பழம் வந்தால் பிள்ளையை மறிக்கவே முடியாது. சொண்டிலேயே ஒட்டுகிற பால் பிறக்கெற்றில் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

மச்சாளுக்கு இன்னொன்று. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலதில் புளோரைட் அதிகம், அது பல்லில் கறை விழுத்தும். தம்பியின் பல்லில் வெள்ளைப் படையோ மண்ணிறக் கறையோ இருந்தால் தொடக்கத்திலேயே டொக்டரிடம் காட்டிக் கேளுங்கோ. அப்படிப்பட்ட பல்லில் பசை இலகுவில் பிடிக்காது, பிறக்கெற் கழன்று கழன்று வரலாம். ஒன்று கழன்றால் அதற்கும் ஒரு பஸ் பயணம்.

கழற்றினால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பல்லைப் பிடித்து வைத்திருக்கிற நார்கள் இழுபட்டபடியே இருக்குமாம், விட்டால் பழைய இடத்துக்கு இழுக்கும். அதனால் இரவில் போடுகிற ரிற்றெயினரோ எங்களுடையதைப் போல ஒட்டின கம்பியோ வருசக்கணக்காக இருக்க வேண்டும். அந்தக் கம்பிக்கும் நுனி இருக்கிறது. ஒரு பல்லில் பசை விட்டால் பிள்ளைக்கு உடனே தெரியாது. தெரியும்போது பல் அசைந்தும் இருக்கலாம், நாக்கும் கிழிந்திருக்கும்.

ஆகவே தம்பியைக் கூட்டிக்கொண்டு போனால் விலையைக் கேட்க முதல் இதைக் கேளுங்கோ: இடையில் வயர் குத்தினால் யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது? “திகதிக்கு வாங்கோ” என்று சொன்னால் காசு கட்டாமல் எழும்பி வாங்கோ. உள்ளூர் ஆசுப்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதித் தருவினமோ என்றும் கேளுங்கோ. என்னைக் கேட்டால், இந்தக் கிழமை என்னுடைய பதில் வேண்டாம் என்பதுதான்.

இதை எழுதுகையில் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “மாமியிட்டச் சொல்லுங்கோ, போடட்டாம், நல்லம்” என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லலாம். விடிய நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைத்தது அவள் இல்லையே.