துருசா, ஐதரசன் பேரொட்சைட்டா, இரவுக் காற்றா? மீன்குளத்து நச்சுப் பாசிக்கு எது பொருந்தும்

ஹங்வெல்லையில் அத்தானும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் மீன்குளம் இருபது பேர்ச்சஸ். ஆழம் நாலடி. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 600 கனமீற்றர் தண்ணீர். உள்ளே ஆயிரத்து ஐந்நூறு திலாப்பியா. கடந்த மூன்று ஆண்டுகளிலும், பெப்ரவரி கழிந்து வெயில் ஏறி, காற்று அடங்கும் நாட்களில், அந்தக் குளத்தில் நீலப்பச்சைப் பாசி பொங்கியது. முதல் ஆண்டு துருசு, அதாவது செப்புச் சல்பேற்று, போட்டோம். அடுத்த ஆண்டு ஐதரசன் பேரொட்சைட்டை விலை விசாரித்து, வாங்கும் தறுவாய்க்குப் போய்த் திரும்பி வந்தோம். அந்த ஆண்டும் இந்த ஆண்டும் எதையும் ஊற்றாமல், இரவில் காற்றூட்டி, தீனியைக் குறைத்து, பாசி ஏட்டைக் கையால் அள்ளிச் சமாளித்தோம். நான் மூன்றாவது வழியின் பக்கம் நிற்பவன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொழும்பின் பேரே வாவிக் கரையில் நடந்தவர்களுக்கு இந்தப் பாசியின் நிறத்தை விளக்கத் தேவையில்லை. பச்சைப் பெயின்ற்றை ஊற்றியது போலக் கரையோரம் ஏடு கட்டி நிற்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம்தான் பெரும்பாலும் இப்படிச் செய்வது. அதன் கலங்களுக்குள் காற்று நிறைந்த நுண்ணறைகள் இருப்பதால் அது மிதக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் குளத்து நீரை எடுத்து ஆடாமல் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பச்சை எல்லாம் மேலே ஏறி வளையமாக நின்றால் நீலப்பச்சைப் பாசி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது நஞ்சு சுரக்கும் வகையா இல்லையா என்பதைக் கண்ணாலோ நுணுக்குக்காட்டியாலோ பிரித்தறிய முடியாது. அதனால் நாங்கள் எப்போதும் நஞ்சு உண்டு என்றே வைத்துக்கொள்கிறோம். மைக்ரோசிஸ்டின் என்ற அந்த நஞ்சு ஈரலைத் தாக்குவது. குடிநீரில் அதன் ஒரு வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை.

துருசின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மலிவு, எந்த உரக்கடையிலும் கிடைக்கும், இரண்டு நாளில் பாசி சாகும். எங்களுக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். அரைக் கிலோவைக் கரைத்து ஊற்றினோம். தண்ணீரின் காரத்தன்மையை அளக்க வேண்டும் என்று கடையிலும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. மீன்குளங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: லீற்றருக்கு மில்லிகிராமில் காரத்தன்மை எவ்வளவோ, அதை நூறால் வகுத்து வருவதே லீற்றருக்கு இடவேண்டிய துருசின் மில்லிகிராம் அளவு. காரத்தன்மை ஐம்பதுக்குக் கீழே என்றால் துருசையே தவிர்க்கச் சொல்வார்கள். பிறகு அளந்தபோது எங்கள் நீரின் காரத்தன்மை 24. கணக்குப்படி முழுக் குளத்துக்கும் 144 கிராம். நாங்கள் ஊற்றியது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் கிணற்று நீரில் தொட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் ஆண்டுதோறும் துருசு போடுகிறார், ஒன்றும் ஆவதில்லை. அங்கே நீரிலுள்ள சுண்ணாம்பு செப்பின் கடுமையைத் தணித்துவிடுகிறது. கொழும்பு மாவட்டத்தின் கபுக் (செம்புறைக்கல்) மண்ணில் ஊறும் மென்னீரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. டொலமைற் சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை உயர்த்திய பிறகு துருசு இடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இடலாம். மீன் பிழைக்கும். ஆனால் நான் அடுத்துச் சொல்லப்போகும் தொல்லை அதனால் தீராது.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் காவலுக்கு இருக்கும் பெரியவர் அழைத்தார். வெள்ளவத்தையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஏழாகிவிட்டது. குளம் பச்சையாக இல்லை. பால் குறைத்த தேநீரின் நிறம். அழுகிய கோவாவின் மணம். உயிரோடிருந்த மீன்கள் எல்லாம் தண்ணீர் விழும் குழாயின் வாயடியில் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி, வாயை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செத்த பாசி அழுகும்போது ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிட்டது. அன்று 340 மீன்களைப் புதைத்தோம்.

"தம்பி, பாசி போய்விட்டதுதானே, மிச்ச மீனாவது தப்பியது" என்றார் அத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாசி போய்விட்டது, நஞ்சு போகவில்லை என்பது பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது.

எனக்கு இந்த ஒப்பீட்டைத் தீர்த்து வைத்த விடயம் இதுதான்: செத்த பாசியின் நஞ்சு எங்கே போகிறது? பாசி உயிரோடிருக்கும்போது மைக்ரோசிஸ்டினின் பெரும்பகுதி கலத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. ஏட்டை அள்ளினால் நஞ்சும் ஏட்டோடு வாளிக்குள் வந்துவிடும். துருசு கலத்தின் சுவரை உடைக்கிறது. உள்ளே இருந்தது சில நாட்களுக்குள் நீரில் கரைகிறது. கரைந்துவிட்டதைத் துணியாலும் வடிக்க முடியாது, மணலாலும் வடிக்க முடியாது. நீரிலுள்ள சில பற்றீரியாக்கள் அதைச் சிதைக்கும்தான், ஆனால் அதற்கு நாட்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். அதற்குள் குளம் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். தெளிந்த நீரைப் பார்த்து மனம் ஆறி, மீனைப் பிடித்து விற்கத் தொடங்குவோம்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று 1979இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள பாம் தீவில் நடந்தது. குடிநீர் நீர்த்தேக்கத்தில் பாசி பொங்கி, மணமும் சுவையும் கெட்டதால் அதிகாரிகள் துருசு இட்டார்கள். சில நாட்களில் 148 பேர் ஈரல் வீங்கி, வாந்தியோடு நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அங்கே இருந்தது வேறோர் இனம், வெளிவந்தது சிலிண்ட்ரோஸ்பேர்மொப்சின் என்ற வேறொரு நஞ்சு. ஆனால் நடந்த முறை எங்கள் குளத்தில் நடந்ததேதான்: கொன்றார்கள், கலம் உடைந்தது, நஞ்சு நீருக்கு வந்தது.

துருசு போட்ட வாரம் ஹங்வெல்லையில் ஒரு மாலை மழை கொட்டி, குளம் வழிந்தது. வழிந்த நீர் மதகு தாண்டி ஓடையில் விழுந்தது, ஓடை களனி ஆற்றில் விழுகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆற்றின் பெருக்குக்கு முன்னால் எங்கள் குளம் ஒரு துளி, சுத்திகரிப்பும் இருக்கிறது, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நாள் வெள்ளவத்தை வீட்டில் குழாயைத் திறந்து அக்கா கேத்தலை நிரப்பியபோது என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதே காரணத்துக்காகத்தான் "பாசித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புது நீர் விடுங்கள்" என்ற யோசனையையும் நான் ஏற்பதில்லை. துருசில் இன்னொன்று: செப்பு ஆவியாகிப் போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது சேற்றில் படிந்து சேர்கிறது.

ஐதரசன் பேரொட்சைட்டைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அது துருசைவிடப் பல மடங்கு நல்ல பொருள். வேலை முடிந்ததும் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும், சேற்றில் எதுவும் தங்காது. பச்சைப் பாசிகளை அதிகம் தொடாமல் நீலப்பச்சைப் பாசியையே தெரிந்து தாக்கும். நெதர்லாந்தில் ஓர் ஏரி முழுவதிலும் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் கலந்து, சில நாட்களில் நீலப்பச்சைப் பாசி 99 வீதம் வீழ்ந்ததையும், ஏழு வாரங்கள்வரை அது தலையெடுக்காததையும் 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே நஞ்சின் அளவும் கூடவே விழுந்தது. எங்கள் குளத்துக்கு அந்த அளவென்றால் 35 வீதக் கரைசல் மூன்று லீற்றர் போதும்.

பின் ஏன் போடவில்லை? அந்த ஏரியில் இருந்தது பிளாங்க்டோத்ரிக்ஸ் என்ற இழைப் பாசி. எங்களுடையது மைக்ரோசிஸ்டிஸ், வழுவழுப்பான பசைக்குள் கூட்டமாக ஒளிந்திருப்பது. அதற்குக் கூடுதல் அளவு தேவைப்படும் என்கிறார்கள். கூடினால் மீன்களுக்குத் தீனியாகும் நுண்விலங்குகள் முதலில் சாகும். அங்கே படகிலிருந்து குழாய்களால் ஆழம்வரை ஒரே சீராகக் கலந்தார்கள். நாங்கள் வாளியால் ஊற்றினால் ஒரு மூலையில் பத்து மில்லிகிராமும் மறுமூலையில் சுழியமும் நிற்கும். 35 வீதக் கரைசல் கையில் பட்டால் தோலை வெளுக்கப் பண்ணும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் பெரியவரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கலக்கும் வசதியும் அளக்கும் பட்டிகையும் இருப்பவர்கள் இதைத் தாராளமாக முயலலாம். நான் செய்து பார்க்காததால் இதற்கு மேல் உறுதியாகப் பேச மாட்டேன்.

இனி எங்கள் வழி. ஒரு குதிரைவலுத் துடுப்புச் சக்கரக் காற்றூட்டி இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை ஓடும். முக்கால் கிலோவாற்று, ஏழு மணி நேரம், ஒரு இரவுக்கு ஐந்தேகால் அலகு. மாதம் 157 அலகுக்கு மேல். வீட்டு மீற்றரிலேயே இணைத்தால் படிப்படியாக ஏறும் கட்டணத்தில் மேல்படிக்குத் தள்ளிவிடும், இதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பெருக்கம் நீடிக்கும் ஐந்தாறு வாரங்களுக்குத்தான் இந்தச் செலவு. காற்றூட்டி பாசியைக் கொல்லாது. இரவில் மட்டும் ஓடுவதால், பகலில் மைக்ரோசிஸ்டிஸ் மிதந்து ஏடு கட்டுவதையும் அது தடுக்காது. அது செய்வது ஒன்றுதான்: விடியற்காலையில் மீன் மூச்சுத்திணறாமல் காப்பது. அதற்காகவே அந்தக் காசைக் கொடுக்கிறேன்.

தீனியை நாளுக்கு ஆறு கிலோவிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். கோழி எருவை அடியோடு நிறுத்தினோம். மீன் தின்னும் தீனியிலுள்ள பொஸ்பரசில் பெரும்பகுதி மீனின் உடலில் தங்குவதில்லை, கழிவாகக் குளத்துக்கே வருகிறது. கோழி எரு அதற்கு மேலே கொட்டும் பொஸ்பரசு மூட்டை. பாசியை நாங்களேதான் ஊட்டி வளர்த்திருக்கிறோம்.

ஏடு அள்ளுவதுதான் உடலை வருத்தும் வேலை. காலை ஏழு மணிக்கு மெல்லிய காற்று ஏட்டைக் கிழக்கு மூலைக்கு ஒதுக்கியிருக்கும். பழைய வேட்டியொன்றின் இரு முனைகளிலும் மூங்கில் கட்டி, முழங்கால்வரை சப்பாத்தும் கையுறையும் போட்டு, நானும் அத்தானும் அதை நீர்மட்டத்தோடு இழுத்து வருவோம். துணியில் தங்குவது பச்சைக் களி மாதிரி கனமாக இருக்கும். ஒரு காலையில் ஏழெட்டு வாளி. கிணற்றுக்கும் ஓடைக்கும் தூரத்தில், தென்னை அடியில் வெட்டிய குழியில் அதைப் புதைக்கிறோம். கீரைப் பாத்திக்கு அதைப் போடக் கூடாது. இரண்டு ஆண்டுகளிலும் முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, அத்தான் இரண்டு தடவை துருசைப் பற்றிக் கதைத்தார். மூன்றாம் வாரம் ஏடு பாதியானது. மே மாத மழை வந்ததும் மிச்சம் கலைந்தது. இதில் எங்கள் உழைப்பு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. அறுவடை மூன்று வாரம் பிந்தியது. ஒரு மீனும் சாகவில்லை.

மற்ற யோசனைகளில் வைக்கோல் நாலடிக் குளத்தில் அழுகி ஒட்சிசனைத்தான் குறைக்கும். படிகாரம் பொஸ்பரசைப் பிடித்து அடியில் இறக்கும், ஆனால் எங்கள் மென்னீரில் அமிலத்தன்மை ஏறிவிடும் என்பதால் சுண்ணாம்போடு சேர்த்தே இட வேண்டும். திலாப்பியாவே பாசியைத் தின்று தீர்த்துவிடும் என்பார்கள். தின்னும், உண்மைதான். நஞ்சையும் சேர்த்துத் தின்னும்.

எங்கள் வழியின் பெரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. பாசி மெதுவாகச் சாகும் வாரங்கள் முழுவதும் மீன் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. நஞ்சு ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் சேரும், தசையில் குறைவு. குறைவு என்பதற்காக விற்க முடியாது. பெருக்கம் கலைந்து தண்ணீர் தெளிந்த பிறகும் மூன்று வாரம் வலை போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இது நாங்களே வைத்துக்கொண்ட கணக்கு, ஆய்வுகூட அளவீடு அல்ல. வாங்க வருபவர்கள் சேற்று மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறார்கள். அந்த மணத்தைத் தருவது ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள், அதற்கும் ஈரல் நஞ்சுக்கும் தொடர்பில்லை. கொறுக்காய்ப் புளி போட்டால் மணம் அடங்கும், நஞ்சு அடங்காது. அதனால் இப்போது குடலையும் ஈரலையும் கரையிலேயே எடுத்து, கழுவித்தான் மீனைக் கொடுக்கிறோம். எடுத்ததை நாய்க்குப் போடாமல் பாசிக் குழியிலேயே புதைக்கிறோம்.